மதுரையில் 312 ஸீட் நாடகம்: டிக்கெட்டை எந்தத் தளத்தில் விற்பது?

அரிதாரம் | ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். மதுரையில் சின்ன நாடகக் குழு எங்களுடையது. பதினான்கு பேர். பாதிப்பேர் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், ஒருவர் மின்வாரியம், ஒருவர் மருந்துக்கடை. அடுத்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை மாலை 6.30க்கு ஒரே ஒரு காட்சி போடுகிறோம். அரங்கில் ‘ஏ’ முதல் ‘எம்’ வரை பதின்மூன்று வரிசை, வரிசைக்கு 24, ஆக 312 இருக்கை. டிக்கெட் 250, மாணவர்களுக்கு 100.

போன வருடம் கூகுள் ஃபார்ம் போட்டு, என் ஜிபே நம்பரைக் கொடுத்து, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொன்னோம். ஒன்பது நாள் என் போன் என் கையில் இல்லை. பத்தாம் வகுப்புக்கு ஸ்லிப் டெஸ்ட் வைத்துவிட்டு உட்கார்ந்தால், “டீச்சர், காசு போட்டுட்டேன், பார்த்தீங்களா?” என்று மெசேஜ் வந்து நிற்கும். ஒரே பரிவர்த்தனை எண் உள்ள ஸ்க்ரீன்ஷாட் மூன்று பெயரில் வந்தது. அதைக் கூடக் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காதது என் தப்பைத்தான். காட்சிக்கு முதல் நாள் ராத்திரி, எக்ஸெல் ஷீட்டில் பெயர்களை அகர வரிசைப்படுத்தினேன். பெயர் இருந்த பத்தியை மட்டும் தேர்வு செய்துவிட்டு அழுத்திவிட்டேன். பெயரெல்லாம் மேலும் கீழும் நகர்ந்துவிட்டது, ஸீட் நம்பர் அப்படியே நின்றது. மறுநாள் ‘ஈ’ 14இல் ஒரு ரயில்வேக்காரர் குடும்பம் உட்கார்ந்திருக்க, இன்னொரு குடும்பம் போனைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது மணி அடித்து இருபது நிமிடம் கழித்துத்தான் திரை தூக்கினோம்.

இந்த முறை ஒழுங்காகத் தளம் வழியாக விற்கலாம் என்று மூன்று இடத்தில் விசாரித்தேன்.

ஒன்று, பெரிய தளம். பெயர் சொன்னால் பால்காரருக்கும் தெரியும். எங்களிடம் நூற்றுக்கு 10 கேட்கிறார்கள், அதன்மேல் 18% வரி. வாங்குகிறவரிடம் கன்வீனியன்ஸ் ஃபீஸ் தனி.

இரண்டு, நடுத்தரம். நூற்றுக்கு 4, பேமென்ட் கேட்வேக்கு (ஆன்லைனில் காசை வாங்கி நம் கணக்குக்கு அனுப்பும் சேவை) 2, இரண்டுக்கும் சேர்த்து வரி. ஸீட் படம் போட்டுத் தருகிறார்கள்.

மூன்று, பேமென்ட் கேட்வேயில் நாமே ஒரு பக்கம் திறந்துகொள்வது. நூற்றுக்கு 2, வரியோடு 2.36. ஸீட் படமெல்லாம் கிடையாது, காசு வாங்கும், அவ்வளவுதான்.

250 ரூபாய் டிக்கெட்டுக்கு முதல் இடத்தில் 29.50 போகிறது, இரண்டாவதில் 17.70, மூன்றாவதில் 5.90. 250 டிக்கெட் விற்றால் முதலுக்கும் மூன்றுக்கும் 5,900 ரூபாய் வித்தியாசம். எங்கள் மேக்கப் செலவே அவ்வளவு வராது. எதை எடுக்கலாம்?

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 11.15

டீச்சர், தளத்தைப் பிறகு பார்க்கலாம். மதுரையில் நாடகத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சுற்றுப்பட்டு ஊரில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் போட்டால் விழாக் கமிட்டி காசு கொடுத்துவிடும், ஊர் விடிய விடியப் பாய் விரித்துப் பார்க்கும். அப்படிப் பார்த்துப் பழகிய ஊர் இது. உங்களுக்கு வரப்போவது 250 புக்கிங் இல்லை, “மேடம், நமக்கு ரெண்டு பாஸ்” என்று 250 போன்.

அரிதாரம் | ஞாயிறு, இரவு 11.22

வைகைக்கரை அண்ணே, போன வருடம் உங்களுக்கும் இரண்டு பாஸ் கொடுத்ததாக ஞாபகம் :) ஆனால் சொன்னது உண்மை. பாஸுக்கு 40 ஸீட் என்று இந்த முறை முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். நாற்பத்தொன்றாவது ஆளுக்கு நானே என் காசில் டிக்கெட் வாங்கித் தர வேண்டும் என்று குழுவில் தீர்மானம்.

மூணாவது மணி | திங்கள், காலை 6.05

கோவையில் இருபத்திரண்டு வருடமாக நாடகம் போடுகிறேன். டிக்கெட் விஷயத்தில் படாத பாடு கிடையாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கமிஷனிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள். நான் ‘ஈ’ 14இலிருந்து ஆரம்பிப்பேன். டிக்கெட் தளம் உங்களுக்கு விற்கும் உண்மையான சரக்கு ஒன்றே ஒன்று: ஒரு இருக்கையை ஒருவர் தொட்டதும் சில நிமிடம் வேறு யாரும் தொட முடியாமல் பூட்டி வைப்பது. காசு வந்தால் அவருக்கு, வராவிட்டால் பூட்டுத் திறந்து மறுபடி பொதுவுக்கு. இதை எக்ஸெல்லும் செய்யாது, கேட்வே பக்கமும் செய்யாது. நம்பர் இல்லாத, வந்தவர் வந்த இடத்தில் உட்காரும் நிகழ்ச்சி என்றால் உங்கள் மூன்றாவது வழியே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். 312 நம்பர் போட்ட ஸீட், ஆகவே மூன்றாவதை விட்டுவிடுங்கள்.

மிச்சம் இரண்டு. பெரிய தளத்தில் போட்டால் கூட்டம் தானாக வரும் என்று நினைக்கிறீர்களா? சினிமாவுக்கு வரும், பெரிய கச்சேரிக்கு வரும். என் அனுபவத்தில் சின்ன நாடகத்துக்கு வருகிறவர் வாட்ஸாப்பில் நாம் அனுப்பிய லிங்க்கைத் தொட்டுத்தான் வருகிறார். ஒரு முறை கோவையில், வாங்கியவர்களிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டு எழுதி வைத்தோம். தளத்தை மேய்ந்துகொண்டிருந்தபோது பார்த்தேன் என்று சொன்னவர்கள் நான்கே பேர். அந்த நான்கு பேருக்காக நூற்றுக்கு 10 கொடுப்பதா என்பது உங்கள் கணக்கு. தவிர, தளங்கள் தனித்தனி என்றும் நினைக்காதீர்கள். டவுன்ஸ்கிரிப்டை 2017இல் புக்மைஷோ வாங்கிவிட்டது. நம்ம சென்னையில் பிறந்த டிக்கெட்நியூவும் இன்சைடரும் பேடிஎம் கைக்குப் போய், 2024இல் பேடிஎம்மின் டிக்கெட் வியாபாரம் மொத்தத்தையும் சொமாட்டோ 2,048 கோடிக்கு வாங்கியது. இப்போது அதுதான் டிஸ்ட்ரிக்ட் என்ற ஆப். கடைப் பலகை நிறைய இருக்கும், முதலாளிகள் கொஞ்சம் பேர். அதனால் போன வருடம் நண்பர் சொன்ன ரேட்டை நம்பாமல், இன்றைய ரேட்டை மெயிலில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் காசு எப்போது வரும் என்று கேட்டீர்களா? நான் பார்த்த தளமெல்லாம் காட்சி முடிந்த பிறகுதான் தரும். அதில் நியாயமும் இருக்கிறது, நாடகம் நின்றால் அவர்கள்தான் திருப்பித் தர வேண்டும். ஆனால் லைட்காரர் விளக்கை ஏற்றுவதற்கு முன்பே காசு கேட்பார். ஒரு வருடம் ஆன்லைனில் அறுபதாயிரம் விற்றிருக்கிறோம், கையில் ஆறாயிரம் இல்லை. மனைவியின் வளையல் போய் வந்தது. காட்சி சனிக்கிழமை என்றால் எந்தக் கிழமை வங்கியில் விழும், ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேருமா என்று கேளுங்கள். “டி பிளஸ் த்ரீ”, அதாவது ‘டி’ என்ற நாளிலிருந்து மூன்று நாள், என்று சொன்னால் அந்த ‘டி’ எந்த நாள் என்றும் கேளுங்கள். எனக்குச் சொன்ன ஒருவருடைய ‘டி’, நாங்கள் கணக்கை ஒப்புக்கொண்டு மெயில் போட்ட நாள்!

கடைசியாக வாசல். 2023 செப்டம்பர் 10, பனையூரில் ரகுமான் கச்சேரி. டிக்கெட் கையில் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பியது எல்லாருக்கும் தெரியும். அது பெரிய ஊர்க் கதை. நம் அளவில் வாசல் எப்படிக் கெடும் என்றால் இப்படித்தான். அரங்கத்து வாசலில் சிக்னல் இருக்காது. ஸ்கேன் பண்ணும் ஆப், பட்டியலை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலும் வேலை செய்யும் என்பார்கள். செய்யும். ஆனால் இரண்டு போன் வைத்து இரண்டு வாசலில் நெட் இல்லாமல் ஸ்கேன் பண்ணினால், இந்தப் போன் உள்ளே விட்ட டிக்கெட் அந்தப் போனுக்குத் தெரியாது. ஒரே க்யூஆர் இரண்டு பக்கமும் பச்சை காட்டும். நாங்கள் இதைச் சமாளித்தது செலவே இல்லாத வழியில்: ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை இடது வாசல், ‘ஹெச்’சுக்கு மேல் வலது வாசல். ஒரு டிக்கெட் எப்போதும் ஒரே போனிடம்தான் வரும், இரண்டாவது முறை வந்தால் சிவப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சின்ன விஷயம்தான். நாடகத்தின் பெயரைத் தமிழில் கொடுத்து, உங்கள் பெயரில் ஒரு டிக்கெட் சோதனைக்கு வாங்கிப் பாருங்கள். பக்கத்தில் தமிழ் அழகாகத் தெரியும். பிடிஎஃப் டிக்கெட்டில் ஒற்றைக்கொம்பு எழுத்தைவிட்டுக் கழன்று பின்னால் போய் உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் வெறும் கட்டம் கட்டமாக வரும். எங்களுக்கு ஒரு தடவை பெயர் முழுக்கக் கட்டம். வாசலில் ஒரு பெரியவர், “இது எந்த மொழி நாடகம் தம்பி?” என்றார்.

சுவிட்ச்போர்டு | திங்கள், காலை 9.30

நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எதற்கு யாருக்கோ நூற்றுக்கு 4, 10 எல்லாம்? ஜெர்மனியில் உருவான ப்ரீடிக்ஸ் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது, சொந்த சர்வரில் போடலாம். இல்லையென்றால் நானே ஒரு வாரத்தில் எழுதித் தருகிறேன். கேட்வே காசு மட்டும்தான் செலவு.

மூணாவது மணி | திங்கள், காலை 9.52

தம்பி, நல்ல மனசு. ஆனால் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு ஒருவர் யுபிஐயில் காசு போய், டிக்கெட் வராமல் வாசலில் நிற்பார். அப்போது நீங்கள் மதுரையில் இருப்பீர்களா, பெங்களூரில் இருப்பீர்களா?

சுவிட்ச்போர்டு | திங்கள், காலை 10.10

...பெங்களூர். சரி, வாபஸ். ஆனால் அந்தக் கேள்வியைத் தளத்துக்காரரிடமும் கேட்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை போனை எடுக்க ஆள் இருக்கிறாரா, இல்லை மெயில் போட்டால் 48 மணி நேரத்தில் பதிலா?

கணக்குப்பிள்ளை | திங்கள், மதியம் 1.20

வரிப் பக்கத்தை யாரும் தொடவில்லை. நான் சிஏ ஆபீஸில் இருப்பவன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாடகம், நடனம், இசைக் கச்சேரி இவற்றின் நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. உங்கள் 250க்கு வரி இல்லை. தளத்துக்காரரின் படிவத்தில் “டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18%” என்ற கட்டத்தில் முன்பே டிக் போட்டு வைத்திருப்பார்கள், அதை எடுத்துவிடுங்கள். போன மாதம்தான் ஒரு பரதநாட்டியப் பள்ளிக்காரர், அதைக் கவனிக்காமல் 300 ரூபாய் டிக்கெட்டை 354க்கு விற்றுவிட்டு வந்தார்.

தளத்தின் கமிஷனுக்கு அந்த விலக்கு கிடையாது. அதற்கு 18% உண்டு, நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர்கள் என்பதால் அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. செலவுதான். பதிவு வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். சேவை விற்பவருக்கு ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால், ஆன்லைன் தளம் வழியாக விற்றாலும் பதிவு தேவையில்லை.

அடுத்தது வருமான வரிப் பிடித்தம். உங்களுக்குப் பணம் தரும்போது தளம் மொத்த விற்பனையில் 0.1% பிடிக்கும். முன்பு 1% ஆக இருந்தது, 2024 அக்டோபர் 1இலிருந்து குறைந்துவிட்டது. எழுபத்தைந்தாயிரத்துக்கு 75 ரூபாய், ஒன்றும் இல்லை. ஆனால் பான் எண் கொடுக்காவிட்டால் 5%, அதாவது 3,750. அந்தப் பான் யார் பெயரில் இருக்கிறது? டீச்சர் பெயரில் என்றால் நாடகத்தின் மொத்த வசூலும் டீச்சரின் வருமானக் கணக்கில் தெரியும். குழு சங்கப் பதிவு செய்ததா?

அரிதாரம் | திங்கள், இரவு 9.05

சங்கமாகப் பதிவு செய்திருக்கிறோம், பானும் இருக்கிறது. வங்கிக் கணக்கும் சங்கத்தின் பெயரில். ஆனால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், ஒருவர் துபாயில் இருக்கிறார். அதைச் சரிசெய்ய வேண்டும்.

மூணாவது மணி ஐயா, வளையல் விஷயம் படித்ததும் என் வீட்டில் லிங்க்கை அனுப்பி எச்சரித்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். எங்கள் பார்வையாளர்களில் கால்வாசிப்பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் பலர் ஆன்லைனில் வாங்க மாட்டார்கள். மேலமாசி வீதியில் தெரிந்த புத்தகக் கடை ஒன்றில் கையில் டிக்கெட் வைத்து விற்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டும் மோதாமல் எப்படிச் செய்வது?

மூணாவது மணி | செவ்வாய், காலை 5.50

கடைக்கு என்று வரிசையையே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். உதாரணத்துக்கு ‘டி’, ‘ஈ’, ‘எஃப்’ மூன்றும் கடைக்கு. தளத்தில் அந்த மூன்று வரிசையையும் ‘விற்பனைக்கு இல்லை’ என்று அடைத்துவிடுங்கள். நல்ல வரிசையாகக் கொடுங்கள், வயதானவர்களுக்குக் கடைசி வரிசையில் வசனம் கேட்காது. வியாழக்கிழமை மாலை கடையில் கணக்குப் பார்த்து, விற்காமல் மிஞ்சியதை வாங்கிக்கொண்டு வந்து ஆன்லைனில் திறந்துவிடுங்கள். கடையிலிருந்து டிக்கெட் கட்டு கைக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். போனில், “அம்மா, இருபது மிச்சம்” என்பதை நம்பித் திறக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அங்கே ஒருவர் வந்து இரண்டு வாங்குவார்.

கடைக் காசு ரொக்கம் என்பதையும் கவனியுங்கள். உங்கள் லைட்காரர் கவலை அதில் தீரும்.

அரிதாரம் | ஐந்து வாரம் கழித்து, வியாழன், இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. நாடகம் முடிந்தது. கேட்டு எழுதியவர்களுக்குக் கணக்கு சொல்வதுதான் மரியாதை.

நடுத்தரத் தளத்தையே எடுத்தோம். கமிஷனை நாங்களே ஏற்றுக்கொண்டு, வாங்குகிறவருக்கு முழு விலை 250 என்றே காட்டினோம். கடைசிப் பக்கத்தில் விலை ஏறினால் எனக்கே எரிச்சலாக இருக்கும், ஊராருக்கு இருக்காதா? ஆன்லைனில் 196 போனது, அதில் 150 முழு டிக்கெட், 46 மாணவர். புத்தகக் கடையில் 61. பாஸ் 40, நாற்பத்தொன்றாவது ஆள் வந்தார், என் காசில் 250 போனது. (அது 150க்குள் இருக்கிறது.) காலி 15.

ஆன்லைன் வசூல் 42,100. கமிஷன், கேட்வே, வரி எல்லாம் சேர்த்து 2,980 ரூபாய் 68 காசு. வருமான வரிப் பிடித்தம் 42 ரூபாய் 10 காசு. சனிக்கிழமை காட்சி, நேற்று புதன்கிழமை மதியம் 39,077 ரூபாய் 22 காசு வங்கியில் விழுந்தது. துபாய்க்காரரின் கையெழுத்தை மாற்ற வங்கிக்கு மூன்று முறை நடந்தேன், அது தனிக்கதை. லைட்காரருக்குப் பன்னிரண்டாயிரம், புத்தகக் கடைக் காசு 13,300இலிருந்து சனிக்கிழமை காலையே கொடுத்தாகிவிட்டது. வளையல்கள் கையிலேயே இருக்கின்றன.

சோதனை டிக்கெட் வாங்கிப் பார்த்தேன். கொம்பு கழன்றுதான் வந்தது! மெயில் போட்டால், “எங்கள் பக்கத்தில் சரியாகத் தெரிகிறதே” என்றார்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். கடைசியில் பெயரை எழுத்தாகக் கொடுக்காமல், போஸ்டர் படமாகவே டிக்கெட்டின் தலையில் வைத்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று.

வாசலைப் பிரித்தது மிக நல்ல யோசனை. வலது வாசலில் ஒரு க்யூஆர் இரண்டாவது முறை வந்து சிவப்பு காட்டியது. ஏமாற்று இல்லை, ஒரு அப்பா நான்கு டிக்கெட்டையும் மகளுக்கும் மகனுக்கும் ஃபார்வர்ட் செய்திருக்கிறார், இருவரும் முதல் க்யூஆரையே காட்டியிருக்கிறார்கள். பெயரைச் சொன்னதும் பட்டியலில் மிச்சம் மூன்று கிடைத்தது. ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விட்டார்கள். திரை 6.37க்குத் தூக்கினோம்.

ஒரே ஒரு விஷயம் தப்பிப்போனது. டிக்கெட்டில் விசாரணைக்கு என்று என் போன் நம்பரையே போட்டுவிட்டேன். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து 31 அழைப்பு. மேக்கப் போட்டுக்கொண்டே எடுத்தேன், போன் முழுக்க ரோஸ் பவுடர். டிக்கெட் வரவில்லை என்றவர் இரண்டே பேர். பத்தொன்பது பேர் கேட்டது, “கார் எங்கே நிறுத்தணும்?” அடுத்த முறை டிக்கெட்டின் பின்பக்கம் பார்க்கிங் படம் போட இடம் தருவார்களா என்று இன்று மெயில் போட்டிருக்கிறேன்.